‘போ’ என்று நான் எழுதிக் கொடுத்த சொல்லைத் திரும்பப் பெற வேண்டி

அனுப்புநர்:
சி. ஏரம்பமூர்த்தி,
ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்,
14, கால்வாய்ச் சந்து,
ரங்கூன் சாலை அருகில்,
சிங்கப்பூர்.

பெறுநர்:
வட்டாரச் சுகாதார அதிகாரி அவர்கள்,
சிங்கப்பூர்.

பொருள்: கால்வாய்ச் சந்தின் பின்புறக் காலி மனையிலுள்ள கறையான் புற்றை வரும் சனிக்கிழமை இடிக்கும் ஆணையை நிறுத்தக் கோருதல், 12-ஆம் எண் வீட்டுத் திருமதி ரெமேதியோஸ் அபாலோஸ் அப்புற்றின் முன் நின்று பேசக்கூடாது என்ற தடையை நீக்கக் கோருதல், இவ்விரண்டுக்கும் காரணமான பொய்ப் புகாரை எழுதியவர் மீது புகார்.

பார்வை: 1. கையொப்பமில்லாத ஆங்கில மனு, நாள் 16-9-1957.
2. தங்கள் அலுவலக ஆணை, நாள் 7-10-1957.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை ஒன்றில் குறித்துள்ள மொட்டைக் கடிதத்தை எழுதியது யார் என்று தங்கள் அலுவலகத்தார் அலைய வேண்டாம். எழுதியவன் நான். கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் எழுத்து வேலை பார்த்தவன். இந்தச் சந்துக்கு இரண்டு தெருவிளக்குகள் வந்ததும், சாக்கடைக்குச் சிமெண்டு மூடி வந்ததும் என் மனுக்களால்தான் என்பதைத் தங்கள் கோப்புகளே சொல்லும். அவை எல்லாவற்றின் அடியிலும் என் பெயர் இருக்கும். இந்த ஒன்றில் மட்டும் இல்லை. மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் ஆண்பிள்ளையே அல்ல என்று இதே சந்தில் நாலு பேர் முன்னால் பேசிய வாய் இது. ஆகவே இதை என் மீது நானே கொடுக்கும் புகார் மனுவாகக் கொள்ள வேண்டுகிறேன்.

2. முந்தைய கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், குற்றம் முழுவதும் தமிழில் நடந்திருப்பதே. ஒரு சொல்லைத் தமிழ்க் காதால் கேட்டு, தமிழிலேயே அதற்குப் பொருள் கொண்டு, அந்தப் பொருளை ஆங்கிலத்தில் ஏற்றித் தங்களுக்கு அனுப்பினேன். தங்கள் அலுவலக மொழிபெயர்ப்பாளர் இம்மனுவைப் படித்துக் காட்டும்போது, ‘போ’ என்று வரும் இடங்களில் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே சொல்லும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். அவராவது அவசரப்பட வேண்டாம்.

3. திருமதி அபாலோஸ் என் பக்கத்து வீட்டுக்காரர். பிலிப்பைன்ஸ் தீவுகளைச் சேர்ந்தவர். சந்தில் எல்லோருக்கும் ‘மணிலா அம்மா’. அவருடைய கணவர் பெலிசியானோ அபாலோஸ் நியூ வேர்ல்டு நடன மண்டபத்தில் கிளாரினெட் வாசித்தவர். ஜப்பான்காரன் காலத்தில், 1942 மார்ச் மாதம் ஒரு மாலை, எங்கோ வாசிக்க வேண்டும் என்று இரண்டு பேர் வந்து கூப்பிட்டார்கள். வாத்தியப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போனார். திரும்பி வரவில்லை. எங்கள் வீடுகளின் பின்கதவுகளுக்கும் கால்வாய்க்கும் நடுவே அந்தக் காலி மனை இருக்கிறது. அதில் ஓர் ஆலமரம், மரத்தடியில் ஆள் உயரத்துக்குக் கறையான் புற்று. புற்றின் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதை கால்வாய்க்கரைக்குப் போகிறது. அவர் போனது அந்தப் பாதையில்தான்.

4. அன்று முதல் பதினைந்து ஆண்டுகளாக, விளக்கு வைக்கும் நேரத்தில் திருமதி அபாலோஸ் பின்கதவைத் திறந்து வந்து, புற்றின் முன் நின்று, தலையைச் சற்றுத் தாழ்த்தி மூன்று சொற்கள் சொல்வார். மெதுவாகத்தான் சொல்வார். ‘கூச்சல்’ என்று நான் எழுதியது முழுப் பொய். எங்கள் காதில் அது ‘தம்பி, தம்பி, போ’ என்று விழுந்தது.

5. பத்தாம் எண் வீட்டில் சந்திரமதி என்பவரும் அவருடைய இளைய சகோதரர் முத்துசாமியும் குடியிருக்கிறார்கள். முத்துசாமி அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். முப்பது வயதாகியும் சந்து முழுவதற்கும் அவர் ‘தம்பி’தான். அவருடைய சொந்தப் பெயரே பலருக்குத் தெரியாது. இவ்வாண்டு ஜூன் மாதம் முதல் அவருக்கு மாலைக் காய்ச்சல் வரத் தொடங்கியது. மணிலா அம்மா புற்றுக்கு வரும் அதே நேரத்தில் காய்ச்சல் ஏறும். ஆள் துரும்பாய் இளைத்துப் போனார். சந்திரமதி என் வீட்டுக்கு வந்து அழுதார். “ஐயா, அந்தம்மா தினம் என் தம்பியைப் போ போன்னு அனுப்புது. எங்க அனுப்புது?” என்று கேட்டார். அன்று மாலை மாடி ஜன்னலோரம் நின்று காதைக் கொடுத்தேன். தம்பி, தம்பி, போ. சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினேன்.

6. அப்படி முடிவு கட்டிய பிறகு கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகிவிட்டது. டிசம்பர் மாதத்தில் மூங்கில் குச்சியும் வண்ணத்தாளும் கொண்டு அவர் செய்து வாசலில் கட்டும் ஐந்து மூலை விளக்கை ‘மந்திரச் சக்கரம்’ என்று எழுதினேன். அது அவர்கள் கிறிஸ்துமஸுக்குக் கட்டும் நட்சத்திரம். தெருவிளக்கு எட்டாத என் வாசற்படியில் ஆண்டுதோறும் அந்த வெளிச்சத்தில்தான் நான் கால் வைத்து ஏறுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இளம் வாத்தியக்காரர்கள் வந்து அவர் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்வதை ‘வசியம்’ என்று எழுதினேன். அது பெரியவர்களிடம் ஆசி வாங்கும் முறை. நாம் காலில் விழுகிறோம், அவர்கள் கையை நெற்றியில் வைத்துக்கொள்கிறார்கள். புற்றின் முன் அவர் இலையில் வைக்கும் பண்டத்தை ‘அழுகிய பொருள், எலி சேர்கிறது’ என்று எழுதினேன். அது புளூட் என்னும் பசையரிசியைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து ஓலையில் சுற்றியது, எங்கள் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மறுநாள் காலையில் அவரே அதை எடுத்துப் போட்டு இடத்தையும் கூட்டிவிடுவார். எலியை அங்கே யாரும் கண்டதில்லை. இதே புற்றுக்கு ஆடி வெள்ளியில் நம்மவர்கள் பால் ஊற்றி, முட்டை வைத்து, மஞ்சள் பூசுகிறார்கள். அந்த முட்டை மூன்று நாள் நாறும். அதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

7. தங்கள் ஆணையில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கொடுத்த தகவல் உண்மையாக இருந்தால் ஆணையும் சரியே. திருமதி அபாலோஸ் அதற்கு அப்படியே கீழ்ப்படிந்தார். 7-ஆம் தேதிக்குப் பிறகு அவர் புற்றுப் பக்கம் வந்ததில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் பின்கதவைத் திறப்பார், வாசலுக்கு உள்ளேயே நிற்பார், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வார். உதடு அசைந்தால்கூட ஆணையை மீறியதாகிவிடுமோ என்று பயந்தார் போலும். சிறிது நேரம் அப்படி நின்றுவிட்டுக் கதவைச் சாத்துவார். அதே வாரத்தில் முத்துசாமிக்கு மருத்துவமனையில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். காசநோய். மருந்து கொடுக்கிறார்கள், தேறி வருகிறார். காய்ச்சலுக்கும் மணிலா அம்மாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சந்திரமதியே வந்து சொல்லி வருத்தப்பட்டார். அன்றைக்கே நான் தங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. கௌரவம் விடவில்லை, ஐயா.

8. அதற்குள் பின்புறப் பாதையில் வேறொன்று தொடங்கிவிட்டது. முதலில் பால்காரரின் மாடுகள் நின்றன. தினமும் அந்த வழியே கால்வாய்க்கரைக்குப் போய் மேயும் மாடுகள், புற்றருகே வந்ததும் நின்றுவிட்டன. மிரளவில்லை. முன்னால் ஆள் நின்றால் மாடு நிற்குமே, அந்த மாதிரி நின்றன. அடுத்த நாள் சந்திரமதி காய்கறிக் கூடையுடன் வரும்போது யார் மேலோ மோதிக் கூடையைத் தவறவிட்டார். குனிந்து பொறுக்கிக்கொண்டே மன்னிப்பும் கேட்டார். நிமிர்ந்து பார்த்த பிறகுதான் எதிரே யாரும் இல்லை என்பது தெரிந்தது. 12-ஆம் தேதி பகல் பதினொரு மணிக்கு நான் போனேன். என் வலது தோளை ஒரு தோள் இடித்தது. நெடுநேரம் வெயிலில் நின்ற ஆளின் சட்டைச் சூடு என் தோளில் பட்டது. ‘சாரி’ என்றேன். பாதையில் நான் ஒருவன்தான் இருந்தேன். நான் சைவ சித்தாந்தம் படித்தவன். பேய் பிசாசு என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மறுநாள் கயிறு கொண்டுபோய்ப் பாதையை அளந்தேன். இரண்டடி எட்டு அங்குலம், எப்போதும் போலத்தான் இருந்தது. நடந்தால் மட்டும் இடமில்லை.

9. சந்து முனையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அப்துல் அஜீஸ், முன்பு கப்பலில் சமையல்காரராக இருந்து மணிலாவுக்குப் பலமுறை போய் வந்தவர். அவரிடம் தோள் இடித்த சங்கதியை வேறு யாருக்கோ நடந்தது போல் சொன்னேன். அப்படியே பேச்சுவாக்கில் மணிலா அம்மாவின் மூன்று சொற்களையும் சொன்னேன். அவர் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டார். “தம்பி இல்லீங்க ஐயா, தபி. தள்ளிக்கிறது. அந்தப் ‘போ’, நம்ம ‘வாங்க’, ‘இருங்க’ன்னு சொல்றப்ப வருதில்ல, அந்த ‘ங்க’ மாதிரி. கொஞ்சம் தள்ளிக்குங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க. அம்புட்டுத்தான் அந்தம்மா சொல்றது” என்றார். அவர்கள் ஊரில் புற்றுக்கும் பழைய மரத்துக்கும் ஒரு பெரியவர் உண்டாம். கண்ணுக்குத் தெரியமாட்டார், தம் கூட்டத்தாரோடு இருப்பார். அவரிடம் கேட்காமல் விவரம் தெரிந்த யாரும் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டார்களாம். ‘தாபே துவான்’ என்று மலாய்த் தோட்டக்காரர்கள் துரைகளை வணங்குவதைக் கேட்டே வளர்ந்த எனக்கு, ‘தபி’ என்ற சொல் காதில் ஏறவில்லை. நாம் விரட்டுவதற்கு வைத்திருக்கும் எழுத்தை அவர்கள் மரியாதைக்கு வைத்திருக்கிறார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அங்கே நிற்பவர்களிடம் நல்ல முறையில் பேசி வந்தவர் அவர் ஒருவரே. அந்த வாயை நான் அடைத்தேன். அவர்களும் தள்ளிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள்.

10. 19-ஆம் தேதி திருமதி அபாலோஸ் ஓலையில் சுற்றிய அந்தப் பண்டத்தை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். சந்தில் மனு எழுதித் தருகிறவர் நான் என்பதால், தமக்கும் ஒரு மனு எழுதித் தர முடியுமா என்று மலாயில் கேட்டார். மொட்டைக் கடிதம் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. நவம்பர் முதல் தேதி தங்கள் முறைப்படி இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாகவும், தாய்க்கும் தந்தைக்கும் அண்ணனுக்கும் ஏற்றும் தாம் கணவருக்கு மட்டும் இதுவரை ஏற்றியதில்லை என்றும் சொன்னார். அடுத்து அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: “அவருக்குக் கூச்சம் அதிகம். வழியில் யாராவது நின்றால் தள்ளுங்கள் என்று சொல்லத் தெரியாது. அவர்களாகப் போகும்வரை நின்றுகொண்டே இருப்பார். அதனால்தான் அவருக்காக நான் கேட்கிறேன்.” எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போனதும் என் மனைவி வள்ளிநாயகி அந்தத் தட்டை என் மேசை மேல் கொண்டுவந்து வைத்தார். “நீங்கள் எழுதினதை நீங்களே அழிச்சு எழுதுங்கோ. இல்லாட்டி நான் போய் அவவிட்டச் சொல்லுறன்” என்றார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் என்னோடு அந்தக் குரலில் பேசியதில்லை.

11. தீபாவளிக்கு மறுநாள் மாலை, அதாவது 23-ஆம் தேதி, மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. புற்றுக்கு அப்பால், கால்வாய் முனையில் ஒருவர் நின்றார். வெள்ளைக் கோட்டு, பழைய நாள் தையல். கையில் சிறிய நீளப் பெட்டி. அவர் திருமதி அபாலோஸின் பின்கதவு இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. அந்த அம்மா வழக்கம்போல் உள்ளேயே நின்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நடுவில் மரமும் புற்றும் இருப்பதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. மேலே நின்ற எனக்கு இருவரும் தெரிந்தார்கள். இருபதடிதான் இருக்கும். அவர் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தார். பிறகு, எதிரே நிற்பவருக்கு இடம் விடுவது போல் ஒதுங்கிப் பழைய இடத்துக்கே போனார். இப்படி மூன்று முறை. கதவு சாத்தப்பட்ட பிறகும் அவர் அதே இடத்தில் நின்றார். வள்ளிநாயகியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஆள் தெரியவில்லை. ஆனால் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்கிறது என்றார். மறுநாள் மாலையும் இதேதான் நடந்தது.

12. 25-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மூன்றாம் முறையாக அவர் வந்தார். இதற்குள் அஜீஸிடம் போய் அந்தச் சொற்களைப் பத்துத் தடவை சொல்லிப் பழகியிருந்தேன். திருமதி அபாலோஸ் கதவைச் சாத்தும்வரை காத்திருந்து கீழே இறங்கினேன். அவருக்குத் தெரிந்தால் என் கடிதமும் தெரிந்துவிடும் என்ற கோழைத்தனம்தான். புற்றின் முன் நின்றேன். சுற்றிலும் ஆட்கள் நெருக்கமாக நிற்கும் இடத்தின் புழுக்கம் இருந்தது. தலையைத் தாழ்த்தினேன். “தபி, தபி,” என்றேன். அதுவரை சரியாகத்தான் வந்தது. அப்போது என் முழங்கையை யாரோ தொட்டது போலிருந்தது. பயந்துவிட்டேன், ஐயா. மூன்றாவது சொல் என் வாயிலிருந்து வந்தபோது அதில் மரியாதை இல்லை. முப்பத்தொரு வருடம் பியூன்களை அதட்டிப் பழகிய நாக்கு. “போ” என்று தமிழில்தான் வந்தது.

13. புற்றுக்கு அப்பால் நின்றவர் முதல் முறையாகப் புற்றின் ஓரமாக என்னைப் பார்த்தார். வீட்டுச் சொந்தக்காரருக்குத் தலை வணங்குவது போல் எனக்கு வணங்கினார். பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். திரும்பிக் கால்வாய் ஓரமாக, வந்த வழியே நடந்து போனார். ‘உங்களைச் சொல்லவில்லை’ என்று கத்த நினைத்தேன், கத்தவில்லை. அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சனிக்கிழமை வரவில்லை. நேற்றும் வரவில்லை. திருமதி அபாலோஸ் இரண்டு நாளும் கதவைத் திறந்து நின்றார். அவரிடம் இதையெல்லாம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

14. மேற்கண்ட காரணங்களால் தங்களை வேண்டிக்கொள்வதாவது: சனிக்கிழமை புற்றை இடிக்க ஆட்களை அனுப்ப வேண்டாம். திருமதி அபாலோஸ் மீதான தடையை நீக்கி, அந்த உத்தரவைத் தபாலில் விடாமல் ஆள் மூலம் கொடுத்தனுப்ப வேண்டும். இன்று மாலை விளக்கு வைப்பதற்குள் அது அவர் கைக்குக் கிடைத்தால் நல்லது. அவர் செய்து வருபவை பிலிப்பைன்ஸ் மக்களின் கண்ணியமான வழக்கங்கள் என்றும், இந்தச் சந்தில் அவற்றுக்கு யாரும் இடையூறு செய்யக்கூடாது என்றும் கோப்பில் குறிக்க வேண்டும். எனக்கு என்ன தண்டனை என்றாலும் மறுப்பில்லை. எவ்வளவு கடுமையானாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது பிறகு ஆகட்டும்.

15. அந்த மனிதர் பதினைந்து வருடம் கழித்து வீட்டுக்கு இருபதடி தூரம்வரை வந்தார். அவர் காதில் கடைசியாக விழுந்தது என் குரல். அது கடைசியாக இருந்துவிடக் கூடாது, ஐயா. அவருடைய மனைவி தம் வாயால் ஒரு தடவை வழி கேட்கட்டும்.

வெட்கத்துடனும் பணிவுடனும்,
சி. ஏரம்பமூர்த்தி
(கையொப்பம்)

இடம்: சிங்கப்பூர்
நாள்: 28-10-1957, திங்கட்கிழமை, காலை